அடிக்கு ஒரு நூல்: ரசமட்டத்தை வைத்து வாட்டம் பார்த்த அனுபவம்

ராமநாதபுரம் கடற்கரையில் நிலத்தின் சரிவைக் கண்ணால் கணிப்பது நடக்காத காரியம். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாக வாலிநோக்கம் வரை குன்று என்று சொல்ல ஒன்றும் இல்லாத தட்டைத் தரை இது. ஒரு மனையின் கிழக்கு மூலை தாழ்வா, மேற்கு மூலை தாழ்வா என்று கேட்டால், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடப் போன ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே தேங்கியது என்று யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். இந்தப் பகுதியில் வீட்டு வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். வீட்டுக்காரர்களிடமிருந்து எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை சுவரையோ பெயிண்டையோ பற்றியவை அல்ல. தண்ணீர் போக வேண்டிய பக்கம் போகாமல் நிற்பதைப் பற்றியவை. அந்தப் புகார்களைத் தொடக்கத்திலேயே தவிர்ப்பதற்குத் தேவையானவை குமிழை வைத்து மட்டம் காட்டும் ஒரு நல்ல ரசமட்டமும், உள்ளே இருக்கும் தண்ணீர் தெரியும் சில மீட்டர் பிளாஸ்டிக் குழாயும்தான். இரண்டும் எல்லாக் கொத்தனார்களிடமும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் முறையில்தான் வேலைக்கு வேலை வேறுபாடு வருகிறது.

வாட்டத்துக்கு, அதாவது தண்ணீர் ஓடுவதற்கு வைக்கும் சரிவுக்கு, இந்த ஊர்களில் இருக்கும் மதிப்பு மற்ற ஊர்களைவிட அதிகம் என்பது என் எண்ணம். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் குடக் கணக்கில் தண்ணீர் வாங்கும் குடும்பங்கள் ஏராளம். 2003இல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு, மாடியிலிருந்து தொட்டிக்கோ கிணற்றுக்கோ ஒரு குழாய் இறங்குவது வழக்கமாகிவிட்டது. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். அதே மாடியில் பத்தடிக்குப் பத்தடி அளவில் ஒரு பள்ளம் இருந்து, அதில் சராசரியாக 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், ஏறக்குறைய 46 லிட்டர், அதாவது மூன்று குடம், குழாய்க்கு வராமலேயே வெயிலில் காய்ந்து போகும். போவதோடு விடுவதுமில்லை. உப்புக் காற்று படிந்த தளத்தில் தேங்கும் தண்ணீர் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. பாம்பன், மண்டபம் பக்கத்து வீடுகளில் மேல்தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ரசமட்டத்தில் குமிழ் இருக்கும் குப்பியை உற்றுப் பார்த்தால் அது நேரான குழாய் அல்ல என்பது தெரியும். சிலவற்றில் குழாயே மேல்நோக்கி மிக லேசாக வளைந்திருக்கும்; சிலவற்றில் உட்புறம் பீப்பாய் போல நடுவில் சற்றே பருத்திருக்கும். உள்ளே இருப்பது சாயம் கலந்த ஆல்கஹால் வகைத் திரவம். அது கண்ணாடியின் மேல் சீராகப் படர்ந்து, குமிழ் தயங்காமல் நகர இடம் கொடுக்கிறது. 1661ஆம் ஆண்டை ஒட்டி மெல்கிசெடெக் தெவெனோ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் கருவியை உருவாக்கினார். அதற்கு முன் உலகெங்கும் மட்டம் பார்த்தது தண்ணீர்த் தொட்டியையும் தூக்குக்குண்டையும் வைத்துத்தான். குமிழ் எப்போதும் வளைவின் உச்சியைத் தேடிப் போகும்; வளைவு எவ்வளவு தட்டையாக இருக்கிறதோ, அவ்வளவுக்குச் சிறு சாய்வுக்கும் குமிழ் அதிக தூரம் நகரும். குப்பியின் வளைவு 4 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் துண்டாக இருந்தால், ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சாய்வில் குமிழ் 2 மில்லிமீட்டர் நகரும். அதைவிட வளைவு கூடிய குப்பியில் அதே சாய்வுக்கு நகர்வு குறைவாகத்தான் இருக்கும்.

இங்கிருந்துதான் நான் வேலை செய்யும் முறையே தொடங்குகிறது. குமிழ் கோட்டைத் தாண்டி எவ்வளவு போயிருக்கிறது என்பதை வைத்துச் சரிவின் அளவைச் சொல்ல முடியாது. ஒரு கம்பெனியின் குப்பிக்கும் இன்னொன்றின் குப்பிக்கும் வளைவு வேறு. “குமிழ் பாதி வெளியே போனா வாட்டம் சரிண்ணே” என்று சொல்லும் கொத்தனார்கள் இருக்கிறார்கள். தன் கையில் பழகிய ஒரே மட்டத்தை வைத்து அவர் சொல்வது அவருக்குச் சரியாகவே இருக்கலாம். மட்டம் மாறிய அன்று அந்தக் கணக்கும் மாறிவிடும். குழாய் வேலைக்கென்று வரும் சில மட்டங்களில் நூற்றுக்கு ஒன்று, நூற்றுக்கு இரண்டு என்ற சரிவுகளுக்குத் தனிக் கோடுகள் இருக்கும், அவை உதவியானவைதான். மற்றபடி குமிழ் இரண்டு கோடுகளுக்கும் சரிநடுவில் நிற்கும்போது அது சொல்லும் ஒரே ஒரு செய்தியை, அதாவது ‘இது மட்டம்’ என்பதை மட்டுமே நான் எடுத்துக்கொள்கிறேன். சரிவு வேண்டுமென்றால், வேண்டிய சரிவின் மேல் குமிழ் நடுவில் வந்து நிற்கும்படி மட்டத்தின் ஒரு முனைக்கு முட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

அதற்கு முன் மட்டமே சரியா என்று பார்க்க வேண்டும். இது இரண்டு நிமிட வேலை. ஆனாலும் செய்பவர்கள் குறைவு. கீழக்கரையில் ஒரு கடையில் புதிய இரண்டடி மட்டம் ஒன்றை வாங்கும்போது கல்லாவின் கண்ணாடிப் பலகை மேல் அதை வைத்தேன். குமிழ் ஒரு மயிரிழை கடல் பக்கமாக ஒதுங்கி நின்றது. மட்டத்தின் அடியில் இருந்த இரண்டு முனைகளையும் கண்ணாடியின் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதைத் தூக்கி, முனை மாற்றி, அதே குறிகளுக்குள் வைத்தேன். கடைக்காரர், “புது மட்டம் தம்பி, அதுல என்ன கோளாறு இருக்கப் போகுது?” என்றார். இப்போது குமிழ் தெருப் பக்கம் ஒதுங்கியது. இதன் பொருள் எளிது. குமிழ் இரண்டு தடவையும் கடல் பக்கமே ஒதுங்கியிருந்தால் கோளாறு கல்லாப் பலகையில். மட்டத்தோடு சேர்ந்து குமிழும் பக்கம் மாறினால், கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய முனையையே அது தேடிப் போகிறதென்றால், கோளாறு மட்டத்தில். கடையில் இருந்த மற்ற மட்டங்களையும் அப்படியே வைத்துப் பார்த்து, முனை மாற்றினாலும் குமிழ் ஒரே திசையில் ஒரே அளவு நின்ற ஒன்றை எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் அன்றிலிருந்து தானே இந்தச் சோதனையைச் செய்து காட்டித்தான் மட்டம் விற்கிறார்.

பிசகு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், முதலில் ஒரு பக்கம் முட்டுக் கொடுத்துக் குமிழை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு முனை மாற்றி வைத்து, எந்த முனைக்கு அடியில் எத்தனை ஹேக்சா பிளேடைச் செருகினால் குமிழ் மீண்டும் நடுவுக்கு வருகிறது என்று பார்க்கலாம். ஒரு பிளேடின் கனம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். செருகிய கனத்தில் பாதிதான் மட்டத்தின் பிசகு. மறு பாதி, திருப்பி வைத்ததால் இரட்டித்துத் தெரிவது. இரண்டடி மட்டத்தில் ஒரு பிளேடு செருக வேண்டியிருந்தால் மட்டத்தின் பிசகு 0.3 மில்லிமீட்டர், மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் என்ற, நல்ல மட்டங்களின் அட்டையில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் அது வந்துவிடும். நிமிர்வு, அதாவது செங்குத்து, பார்க்கும் குப்பியையும் இதே போல, சுவரில் ஒரு முகத்தை வைத்தும் மறு முகத்தைத் திருப்பி வைத்தும் சோதிக்க வேண்டும். கிடைக் குப்பி சரியாக இருந்தால் நிமிர்வுக் குப்பியும் சரியாக இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

இனி வாட்டத்தின் கணக்கு. மில்லிமீட்டரும் சதவீதமும் வரைபடத்தில் இருக்கும். வேலையிடத்தில் பேச்சு அடியிலும் அங்குலத்திலும் நூலிலும்தான் நடக்கும். எட்டு நூல் ஓர் அங்குலம், பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி. ஆகவே ஓர் அடிக்கு 96 நூல். ‘அடிக்கு ஒரு நூல் வாட்டம்’ என்று மேஸ்திரி சொன்னால் அது 96க்கு 1, ஏறக்குறைய பொறியாளர் கேட்கும் நூற்றுக்கு ஒன்று. மாடித் தளத்துக்கு இது போதும். கழிவறையிலிருந்து போகும் நான்கு அங்குலக் குழாய்க்கு நான் வைத்துக்கொள்வது 40க்கு 1, அதாவது அடிக்கு இரண்டரை நூலுக்குச் சற்றுக் குறைவு. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12க்கு 1க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு வழிகாட்டு விதி. அடிக்கு ஓர் அங்குலம் என்று சொல்லிவிட்டால் எந்தச் சித்தாளுக்கும் விளங்கும். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று வழக்கமாகச் சொல்லும் வாட்டம் 120க்கு 1; டைல்ஸ் போட்ட வழவழப்பான தளத்துக்கு அது சரிப்படும், செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்து போடும் சொரசொரப்பான சுர்க்கித் தளத்துக்குப் போதாது என்பது என் கருத்து.

இந்தக் கணக்கை மட்டத்தில் ஏற்றுவதற்கு வேண்டியது ஒரு துண்டு பிளைவுட். இரண்டடி மட்டம் 610 மில்லிமீட்டர் நீளம்; அதன் ஒரு முனைக்கு அடியில் 6 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றை முனையோடு முனை சேரும்படி இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டால், அந்த மட்டம் இனி நூற்றுக்கு ஒன்றைப் பார்க்கும் மட்டம். பிளைவுட் ஒட்டிய முனையைத் தண்ணீர் போக வேண்டிய பக்கம் வைத்துத் தளத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போகலாம். குமிழ் நடுவில் நிற்கும் இடமெல்லாம் வாட்டம் சரி. பிளைவுட் முனையை விட்டு எதிர்ப் பக்கம் குமிழ் போனால் வாட்டம் கூடிவிட்டது. பிளைவுட் பக்கமே குமிழ் வந்தால் வாட்டம் போதவில்லை. 9 மில்லிமீட்டர் துண்டு என்றால் ஏறக்குறைய 68க்கு 1, குளியலறைத் தரைக்கு நான் விரும்பும் அளவு அதுதான். 15 மில்லிமீட்டர் துண்டு 40க்கு 1, கழிவுக் குழாய்க்கு. இரண்டு அங்குலக் கட்டை 12க்கு 1, சாய்தளத்துக்கு. உச்சிப்புளியில் என்னோடு வேலை செய்யும் கொத்தனார் ஒருவர் இந்தத் துண்டுகளுக்கு ஆளுக்கொரு வண்ணம் பூசி, ஓட்டை போட்டுக் கம்பியில் கோத்து, சாவிக்கொத்து போல இடுப்பில் மாட்டியிருக்கிறார். எந்த வேலைக்கு எந்தத் துண்டு என்று யாரும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை.

பூச்சின் மேல் மட்டத்தை நேரடியாக வைப்பதைவிட ஆறடி மட்டப்பலகையின் மேல் வைப்பதே நல்லது. இரண்டடி மட்டம் இரண்டடிக்குள் இருக்கும் மேடுபள்ளத்தைத்தான் காணும். ஒரே ஒரு சிமெண்டுக் கட்டி அதன் அடியில் சிக்கினாலும் சரிவு தலைகீழாகத் தெரியும். பலகை நீளமாக இருந்தால் அந்தச் சிறு மேடுகள் சரிவுக் கணக்கில் பெரிதாக வராது. பலகை நேராக இருக்கிறதா என்பதை ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் கிடந்த மரப்பலகையை நம்ப வேண்டாம், அலுமினியப் பெட்டிக் குழாயே மேல். முட்டுத் துண்டின் கனத்தைப் பலகையின் நீளத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை: ஆறடிக்கு ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம்.

மாடித் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பிரச்சினை வாட்டம் பார்ப்பதில் தொடங்குவதில்லை, குழாய் எங்கே வைப்பது என்று முடிவு செய்வதில் தொடங்குகிறது. முப்பதடிக்கு இருபதடி மாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலையில் மட்டும் வடிகுழாய் வைத்தால், எதிர் மூலைக்கும் அதற்கும் இடையே மூலைவிட்டத் தூரம் 36 அடி. அடிக்கு ஒரு நூல் என்றால் 36 நூல். குழாய் வாயில் இருக்கும் கனத்தைவிட எதிர் மூலையில் நாலரை அங்குலம் கூடுதலாகப் போட வேண்டும். வீட்டுக்காரர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார், “ரெண்டு அங்குலத்துல முடிங்க” என்பார். வாட்டம் பாதியாகி மாடியில் தண்ணீர் நிற்பது அங்கே முடிவாகிவிடும். முப்பதடிப் பக்கத்தின் இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு குழாய் வைத்துவிட்டால், மிகத் தூரமான புள்ளி எதிர்ச் சுவரின் நடு; அதற்குப் பதினைந்தும் இருபதும் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின்படி 25 அடி. கூடுதல் கனம் 25 நூல், மூன்று அங்குலமும் ஒரு நூலும். ஒரு குழாயின் செலவு, சிமெண்டிலும் ஜல்லியிலும் மிச்சமாகும் தொகைக்கு முன் ஒன்றுமில்லை. பணத்தைவிட எடைதான் முக்கியம்: 600 சதுர அடித் தளத்தில் சராசரியாக ஓர் அங்குலம் கூடினால் 50 கன அடி, மூன்று டன்னை ஒட்டிய பாரம், அது வீடு இருக்கும் வரை கூரையின் தலையிலேயே கிடக்கும்.

குழாய் இடம் முடிவானதும் முதல் வேலை, கூரையின் இப்போதைய ஏற்ற இறக்கத்தைத் தெரிந்துகொள்வது. இதற்கு ரசமட்டத்தை அடி அடியாக நகர்த்திப் பார்க்கக் கூடாது. மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் பிசகும் மட்டத்தை ஒரே முகமாக வைத்து 30 மீட்டர் நகர்த்தினால், கடைசியில் 15 மில்லிமீட்டர் வரை பிசகு சேர்ந்துவிடலாம். தூரம் கூடும்போது டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய அந்தப் பிளாஸ்டிக் குழாய்தான் சரி; அதன் இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதில் தூரத்தோடு பிசகு சேர்ந்துகொண்டே போவதில்லை. கைப்பிடிச் சுவரைச் சுற்றி டியூபால் ஒரே மட்டத்தில் குறி போட்டு, அந்தக் குறியிலிருந்து தளத்துக்கு டேப்பால் அளந்து எழுதிக்கொண்டால், எந்த மூலை எத்தனை நூல் தாழ்வு என்பது சுவரிலேயே தெரிந்துவிடும். பிறகு வேண்டிய உயரத்துக்குக் கலவையால் புள்ளி வைப்பதும், புள்ளிகளுக்கு இடையே பலகையை ஓட்டுவதும், பிளைவுட் கட்டிய மட்டத்தால் சரிபார்ப்பதும் வரிசையாக நடக்கும்.

ரசமட்டத்தில் குமிழ்தான் வேலை செய்கிறது; டியூபில் அதே குமிழ்தான் வேலையைக் கெடுக்கிறது. டியூபின் செங்குத்தான பகுதியில் 1 சென்டிமீட்டர் நீளத்துக்குக் காற்றுக்குமிழ் அடைத்து நின்றால், அந்தப் பக்கத்துத் தண்ணீர் 1 சென்டிமீட்டர் உயர்ந்து காட்டும். வாளியை உயரத்தில் வைத்து ஒரு முனையை அதற்குள் அமிழ்த்தி, மறு முனையை வாயால் உறிஞ்சி ஓடவிட்டு, குமிழ் வருவது நிற்கும் வரை தண்ணீரை விட்டுக்கொண்டே இருப்பதுதான் வழி. குடத்திலிருந்து ஊற்றி நிரப்பினால் குமிழ் கட்டாயம் சிக்கும். நிரப்பிய பிறகு இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கேயே தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்காத டியூப் மாடியின் மறு கோடியில் மட்டும் உண்மை சொல்லிவிடாது. நடக்கும்போது தண்ணீர் சிந்தாமலிருக்கக் கட்டைவிரலால் முனையை அடைப்பது சரி, அளவு பார்க்கும்போது இரண்டு விரல்களும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். “விரலை எடுத்தாச்சா?” என்று ஒருவர் கேட்பதும் “எடுத்தாச்சு” என்று மற்றவர் கத்துவதும் நல்ல வேலையிடத்தின் அடையாளம்.

இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. திருப்பாலைக்குடிக்கு அருகே ஒரு வீட்டின் பேஸ்மட்டத்தில் டியூப் குறிகள் நாளுக்கொரு விதமாக வந்தன. டியூபில் குமிழும் இல்லை, ஓட்டையும் இல்லை. குடிதண்ணீரில் நிரப்பிய டியூபில் சிந்திய தண்ணீருக்குப் பதிலாக, மறு முனையில் கைக்கு அருகில் இருந்த உவர் நீரை ஊற்றியிருந்தார்கள் என்பது விசாரித்த பிறகே தெரிந்தது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. டியூபின் ஒரு காலில் நன்னீரும் மறு காலில் கடல்நீரும் ஒரு மீட்டர் உயரத்துக்கு நின்றால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் காட்டும். உவர் நீருக்கு அதன் உப்புக்குத் தக்கபடி வித்தியாசம். தனி நன்னீரோ தனிக் கடல்நீரோ எதுவானாலும் பரவாயில்லை, இரண்டும் கலக்கக் கூடாது. அதே போல ஒரு முனை நிழலிலும் மறு முனை உச்சி வெயிலிலும் நின்றால், 30 பாகையிலும் 45 பாகையிலும் இருக்கும் தண்ணீரின் அடர்த்தி வேறுபாடு ஒரு மீட்டர் உயரத்துக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டும். ஆகவே டியூப் வேலையைக் காலை வெயில் ஏறுவதற்குள் முடிப்பதும், செங்குத்தாக நிற்கும் உயரத்தை முடிந்தவரை குறைத்துக்கொள்வதும் நல்லது.

வெயில் ரசமட்டத்தையும் விடுவதில்லை. திரவம் சூடேறி விரியும்போது குமிழ் சிறுத்துவிடும், காலையில் நீண்டிருக்கும். அதனால் குமிழின் ஒரு முனையை மட்டும் கோட்டோடு சேர்த்துப் பார்க்காமல், இரண்டு கோடுகளிலிருந்தும் சமதூரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குப்பியின் ஒரு பக்கம் மட்டும் சூடானால் குமிழ் சூடான பக்கம் நகரும். நில அளவைக்காரர்கள் கருவிக்குக் குடை பிடிப்பது இதற்காகவும்தான்.

கயிற்றில் மாட்டும் சிறு மட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கயிற்றின் சரிநடுவில் மாட்ட வேண்டும். கயிறு தன் எடையிலேயே தொய்வதால் ஓரத்தில் மாட்டினால் மட்டமான கயிறும் சரிந்தே காட்டும். ஆனி, ஆடியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும்போது இந்தக் கரையில் அதை எடுக்கவே வேண்டாம். கடல் விளிம்பைப் பார்த்தே மட்டம் பிடித்துவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. தரையில் நின்றால் பெரிய பிசகில்லை, 10 மீட்டர் உயர மாடியில் நின்று பார்த்தால் கடல் விளிம்பு மட்டத்துக்குக் கீழே, மீட்டருக்கு 1.6 மில்லிமீட்டர் அளவு தாழ்ந்து தெரியும். பூமியின் உருண்டை வடிவம் ஒரு மொட்டை மாடிக் கணக்கிலேயே தட்டுப்படுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

வட்டக் குமிழ் வேறு வகை வேலைக்கு உரியது. மீன் எடை போடும் மின்தராசுகளின் மூலையில் ஒரு சிறு வட்டக் குப்பி இருக்கும். குமிழ் வட்டத்துக்குள் வரும்படி நான்கு கால் திருகுகளையும் திருப்ப வேண்டும். கடற்கரை மணலில் தராசு சாய்ந்திருந்தால் எடை குறையும் என்று மீனவர்கள் சண்டை பிடிப்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும்: 1 பாகைச் சாய்வில் 100 கிலோவுக்கு 15 கிராம்தான் இந்தக் காரணத்தால் குறையும், 5 பாகையில் 380 கிராம் குறையும். கண்ணுக்குத் தெரியாத சாய்வால் பெரிய நட்டமில்லை. ஒரு கால் மணலில் புதைந்து தட்டு எங்காவது உரசுகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. சரிவு அளக்க வட்டக் குமிழ் ஏற்றதல்ல; எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும், எவ்வளவு என்பதைச் சொல்லாது.

சூரியத் தகடுகளுக்கு முட்டுத் துண்டு முறையைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துகிறேன். ராமநாதபுரம் 9 பாகை வட அகலாங்கைச் சற்றே தாண்டி இருப்பதால், தகடுகளைத் தெற்கு நோக்கி 10 பாகை சாய்த்து வைப்பது இங்கே பொருந்தும். உப்புத் தூசியும் பறவை எச்சமும் மழையில் வழிந்து போகவும் அந்தச் சாய்வு வேண்டும். இரண்டடி மட்டத்தின் மேல் முனையைத் தகட்டில் ஊன்றி, குமிழ் நடுவில் வரும் வரை கீழ் முனையைத் தூக்கிப் பிடித்து, அந்த முனையிலிருந்து தகடு வரை செங்குத்தாக அளந்தால் 10.7 சென்டிமீட்டர் வர வேண்டும். 8 சென்டிமீட்டர்தான் வந்தால் சாய்வு ஏழரைப் பாகை. சட்டகத்தின் பின்காலை உயர்த்தச் சொல்லிவிடலாம்.

கைப்பேசியில் வரும் மட்டத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தகடு போன்ற பெரிய சாய்வுக்கு அது போதும். பாகையையும் எண்ணில் காட்டிவிடும். நூற்றுக்கு ஒன்று என்பது 0.6 பாகைகூட இல்லை. பின்புறக் கேமரா புடைத்துக்கொண்டிருக்கும் ஒரு சாண் நீளப் போனை வைத்து அதைப் பார்ப்பது வீண். அதையும் முனை மாற்றி வைத்துச் சோதிக்கலாம் என்பது மட்டும் ஆறுதல். லேசர் மட்டம் வீட்டுக்குள் டைல்ஸ் வேலைக்கு அருமையான கருவி. பகல் வெயிலில் மொட்டை மாடியில் அதன் கோடு கண்ணுக்குத் தெரியாது.

கருவியைக் காப்பாற்றுவதில் இந்தக் கரைக்குத் தனிக் கவனம் வேண்டும். அலுமினிய மட்டத்தில் சில மாதங்களிலேயே வெள்ளைப் பொடி பூத்து, அடிமுகம் சொரசொரப்பாகி, பிசகு கூடிக்கொண்டே போகும். மாலையில் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தினால் வெகுநாள் வரும். காந்தம் வைத்த மட்டத்தில் இரும்புத் தூளும் மணலில் கலந்த கருந்துகள்களும் ஒட்டிக்கொள்வதால், கம்பி வேலை அதிகம் இல்லாதவர்கள் காந்தமில்லாததை வாங்குவதே நல்லது. சுத்தியலோடும் கரணையோடும் ஒரே சாக்கில் போடக் கூடாது. கீழே விழுந்தால், குப்பி உடையவில்லை என்று திருப்திப்படாமல், முனை மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்கு எடுக்க வேண்டும். விழுந்த மட்டத்தில் பெரும்பாலும் உடைவது குப்பி அல்ல, குப்பி சட்டத்தில் பொருந்தியிருக்கும் பிடிப்பு. வாங்கும்போது இரண்டடி ஒன்றும் நாலடி ஒன்றுமாக இரண்டு வாங்கினால் வீட்டு வேலைக்குப் போதும். குப்பியை அக்ரிலிக் கட்டியில் பதித்தவை, திருகு வைத்துத் திருப்பக்கூடியவற்றைவிட மேலானவை. திருகு இருந்தால் யாராவது ஒருவர் அதைத் திருகாமல் விடுவதில்லை.